கோப்பைப் படத்தில் இல்லாத ஒன்பது பேர்

எங்கள் கல்லூரி ரோயிங் (துடுப்புப் படகுப் போட்டி) கிளப் தொடர்ந்து ஜெயித்த ஆண்டுகளைப் பற்றிப் பழைய ஆட்கள் பேச ஆரம்பித்தால், பேச்சு நேராக இறுதிப் போட்டியின் கடைசி 500 மீட்டருக்குப் போய்விடும். ஸ்ட்ரோக் சீட்டில், அதாவது மற்றவர்களுக்கு வேகம் பிடித்துக்கொடுக்கிற எட்டாம் சீட்டில், யார் இருந்தாள், காக்ஸ் எந்த இடத்தில் வேகத்தை ஏற்றச் சொன்னாள், கோட்டைத் தாண்டும்போது எவ்வளவு இடைவெளி இருந்தது. எல்லாம் நடந்ததுதான். முதல் படகில் ஐந்தாம் சீட் என்னுடையது. இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டாலும் எனக்குச் சலிக்காது. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: எங்கள் இரண்டாம் படகு, அதாவது முதல் அணிக்கு அடுத்த அணி, இல்லாமல் போயிருந்தால் அந்தக் கோப்பைகளில் ஒன்றுகூட எங்கள் கைக்கு வந்திருக்காது. கோப்பையோடு எடுத்த படங்களில் அவர்கள் இல்லை. அதனாலேயே நினைவிலும் இல்லாமல் போகிறார்கள். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ரோயிங் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பெரிய படகில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு, சுக்கானைப் பிடித்துக் குரல் கொடுக்க ஒரு காக்ஸ். படகு 17 மீட்டருக்கு மேல் நீளம், எடை என்னவோ 100 கிலோவுக்குப் பக்கத்தில்தான். போட்டித் தூரம் 2000 மீட்டர். ஏழு நிமிடம் முன்னே பின்னே, 200 தடவைக்கு மேல் துடுப்பு விழும். இதில் முக்கியமான விஷயம், துடுப்புப் போடுகிற எட்டுப் பேரும் முடிவுக்கோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். பின்தங்கிய படகுகள் கண்ணுக்குத் தெரியும். நம்மை முந்திப் போகிறவர்கள் தெரியவே மாட்டார்கள். அவர்களுடைய துடுப்புகள் விட்டுப்போன சுழிகள் மட்டும் பக்கத்தில் நகர்ந்து போகும்.

பின்தங்கியிருக்கும்போது பதறாமல் இருப்பதுதான் இந்த விளையாட்டில் ரொம்பக் கஷ்டம். கண்ணுக்கு எதுவும் தெரியாது, காக்ஸின் குரல் ஒன்றுதான் துணை. யாராவது ஒருத்தி பதறி அரை நொடி முன்னால் துடுப்பைப் போட்டால் போதும், படகு முழுக்க அந்தக் குலுக்கல் ஓடும். எங்களுக்கு அந்தப் பதற்றம் விட்டுப்போனதற்குக் காரணம் இரண்டாம் படகுதான். பயிற்சியில் கோச் அவர்களை ஒரு படகு நீளம் முன்னால் விட்டுத்தான் எங்களைக் கிளப்புவார். அவர்கள் சும்மா விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. முதல் 500 முழுக்க வெறும் தண்ணீர்தான் தெரியும். அப்புறம் ஓரக்கண்ணில் அவர்களுடைய காக்ஸ் வருவாள். இன்னும் இருபது துடுப்பு போட்டால் ஸ்ட்ரோக், அப்புறம் ஏழாம் சீட். ஒவ்வொரு சீட்டாகப் பிடுங்கித்தான் வாங்க வேண்டும். சில நாள் ஆறாம் சீட்டோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு அங்குலம் தரமாட்டார்கள். இறுதிப் போட்டியில் முக்கால் படகு பின்தங்கியபோது எங்கள் எட்டுப் பேரில் ஒருத்திக்கும் கை நடுங்கவில்லை. அந்த இடம் எங்களுக்குப் பழகிய இடம்.

சீட் ரேஸிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் முதல் படகு, யார் இரண்டாம் படகு என்று கோச் முடிவு செய்கிற முறை அது. இரண்டு நாலு பேர் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவார்கள். இடைவெளியைக் குறித்துக்கொண்டு, ஆற்று நடுவிலேயே படகுகளை நிறுத்தி, இரண்டு பேரை மட்டும் இடம் மாற்றி, அதே வேகத்தில் மறுபடி ஓட்டுவார்கள். இடைவெளி எவ்வளவு மாறுகிறதோ அதுதான் அந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம். சமாதானம் சொல்ல வழியே இல்லாத முறை. எர்க் மெஷினில் (தரையில் உட்கார்ந்து துடுப்புப் பயிற்சி செய்கிற கருவி) நல்ல நேரம் காட்டியவர்கள்கூட இதில் தோற்றிருக்கிறார்கள், ஏனென்றால் மெஷின் தண்ணீரில் மிதப்பதில்லை.

ஐந்தாம் சீட்டுக்கு என்னோடு மோதியவள் என்னைவிட உயரம். ஒரு ஓட்டம் முடிந்து மாற்றச் சொன்னார்கள். மற்றவர்கள் ரிக்கரை (துடுப்பைத் தாங்கப் படகின் பக்கத்தில் நீட்டியிருக்கும் சட்டம்) பிடித்துப் படகுகளைச் சேர்த்து வைத்திருக்க, நான் அந்தப் பக்கம் தாவி அவள் சீட்டில் உட்கார்ந்தேன். சீட் ஈரமாக இருந்தது. பாதத்தை ஊன்றுகிற கால்தட்டை என் உயரத்துக்கான துளையில் வைத்துத் திருக வேண்டுமே, குளிரில் விரல் மரத்திருக்கிறதே என்று குனிந்தால், அது ஏற்கெனவே என் அளவில் இருந்தது. எழுந்து போவதற்கு முன்னால் எனக்காகத் திருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என் துளை எது என்று அவளுக்கு மனப்பாடம். அந்தச் சீட்டை அவள் இழந்தது மிகச் சின்ன வித்தியாசத்தில். மறுநாள் காலையிலிருந்து இரண்டாம் படகில் உட்கார்ந்து எங்களை ஓட ஓட விரட்டினாள். வெற்றி ஆண்டுகள் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் அந்தக் கால்தட்டுதான் ஞாபகம் வரும்.

பெரிய கல்லூரிகளின் வரலாறும் இதையேதான் காட்டுகிறது. 1920 முதல் 1956 வரை நடந்த எட்டு ஒலிம்பிக்கிலும் ஆண்கள் எட்டுப் பேர் படகில் தங்கம் வாங்கியது அமெரிக்கா. எட்டு முறையும் போனது ஏதோ ஒரு கல்லூரியின் அணி: நேவல் அகாடமி, யேல், கலிஃபோர்னியா, வாஷிங்டன். இதில் 1936-இல் பெர்லினில் ஜெயித்த வாஷிங்டன் அணியைத்தான் உலகம் கொண்டாடுகிறது. நியாயம்தான். 6 நிமிடம் 25.4 வினாடி, இத்தாலி வெறும் 0.6 வினாடி பின்னால். ஆனால் அதே ஆண்டு ஜூனில் ஹட்சன் ஆற்றில் பொகிப்சியில் நடந்த கல்லூரிப் போட்டியில் அதே வாஷிங்டன் முதல் அணி, இரண்டாம் அணி, முதலாண்டு மாணவர் அணி மூன்றிலும் ஜெயித்தது என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? வீட்டிலேயே அப்படி ஒரு இரண்டாம் படகை வைத்துக்கொண்டு தினமும் பயிற்சி எடுத்தவர்கள் பெர்லினில் கடைசியிலிருந்து ஏறி வந்தார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

(பெண்களுக்கு இந்த வரலாறே தாமதமாகத்தான் தொடங்கியது. ஒலிம்பிக்கில் பெண்கள் ரோயிங் வந்தது 1976-இல், அதுவும் 1000 மீட்டர். 2000 மீட்டர் கிடைக்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெயர்களை எழுதி வைப்பதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.)

எங்கள் ஸ்ட்ரோக் அபூர்வத் திறமைசாலி, அவள் இருந்ததால்தான் ஜெயித்தோம் என்று சொல்பவர்கள் உண்டு. அவள் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவள் படிப்பு முடித்துப் போன பிறகும் ஜெயித்தோமே, அதற்கு என்ன பதில்? இரண்டாம் படகின் ஸ்ட்ரோக் எழுந்து வந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஓர் ஆண்டு ஜெயிக்கத் திறமை போதும். தொடர்ந்து ஜெயிக்க, வெளியே போகிறவளின் இடத்துக்கு ஏற்கெனவே தயாராக ஒருத்தி இருக்க வேண்டும்.

வெற்றி நின்ற கதையையும் பாருங்கள். புதிதாகச் சேருகிறவர்கள் குறைந்தார்கள், இரண்டாம் படகில் எட்டுப் பேரை நிரப்ப முடியாமல் அதை நாலு பேர் படகாக்கினார்கள். முதல் படகில் அப்போது பெரிதாக ஒன்றும் மாறவில்லை, அந்தப் பருவம்கூட ஜெயித்தோம். அடுத்த பருவத்திலிருந்து தோல்வி. பயிற்சியில் விரட்ட ஆள் இல்லை, சீட்டுக்குப் போட்டி இல்லை, ஒருத்திக்கு முதுகு பிடித்துக்கொண்டால் மாற்றி உட்கார வைக்க ஆள் இல்லை. கோச்சை மாற்றலாமா, படகை மாற்றலாமா என்று அப்போது நிறைய விவாதித்தார்கள். இரண்டாம் படகை மறுபடி நிரப்புவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது அந்த ஆண்டுகளுக்காக ஒரு பெயர்ப்பலகை வைக்கப் பேச்சு நடக்கிறது. முதல் படகின் எட்டுப் பேர், காக்ஸ், கோச் என்று பட்டியல் தயார். என் பெயர் அதில் இருக்கிறது. இரண்டாம் படகின் ஒன்பது பெயரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சேர்ந்து வர வேண்டும், அதே அளவு எழுத்தில். இதை எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேளுங்கள். அந்தப் பட்டியல் யாரிடமும் முழுசாக இல்லை என்பதுதான் இப்போதைய சிக்கல். பயிற்சி நோட்டு, சீட் ரேஸிங் குறிப்பு, படகுக் கூடத்துக் கதவில் ஒட்டிய அணித் தாள், எது வைத்திருந்தாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கிழிந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் போதும்.