பையனுக்கு எவ்வளவு வந்தது?

போன வருடம் என் மகனை உளவியல் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போனோம். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று சாயங்காலமே பெரியம்மா போன் செய்தார். "எவ்வளவுடா வந்துது?" என்பதுதான் முதல் கேள்வி. "102 பெரியம்மா" என்றேன். "அப்போ நார்மல்தானே, இதுக்கா இவ்வளவு அலைஞ்சீங்க" என்று வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பக்க ரிப்போர்ட்டில் நானும் முதலில் புரட்டித் தேடியது ஐ.க்யூ என்ற அந்த ஒரே நுண்ணறிவு எண்ணைத்தான். இரண்டு நாள் கழித்து சைக்காலஜிஸ்ட் உட்கார வைத்து விளக்கியபோதுதான், மொத்த ரிப்போர்ட்டிலும் எங்களுக்கு உதவாத வரி அது ஒன்றுதான் என்று புரிந்தது.

அவனுக்குக் கொடுத்தது வெக்ஸ்லர் என்ற நுண்ணறிவு டெஸ்ட். 6 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்கானது. மொழியறிவு, உருவங்களைக் கையாள்வது, புதிய சிக்கலை யோசித்து அவிழ்ப்பது, கேட்டதை மனதில் பிடித்து வைப்பது, வேகம் என்று ஐந்து பகுதிகளாகப் பார்க்கிறார்கள். எல்லாவற்றிலும் 100தான் நடு. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். என் மகனுக்கு மொழியில் 121, வேகத்தில் 82. அதாவது அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை நிறுத்தினால், பேச்சிலும் புரிதலிலும் தொண்ணூறு பேருக்கு மேல் இவனுக்குப் பின்னால் நிற்பார்கள். எழுதி முடிக்கும் வேகத்தில் அதே வரிசையில் கிட்டத்தட்ட கடைசிப் பத்துப் பன்னிரண்டு பேரில் இவன் ஒருவன். எல்லாவற்றையும் கலந்துதான் 102 வந்திருக்கிறது. ஒரு கால் செருப்பு பெரிது, மறு கால் செருப்பு சிறிது, சராசரி அளவு சரியாக இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் வாங்குவோமா?

எனக்கு அந்த 82 கூடப் பெரிதாகப் படவில்லை. அதற்குக் கீழே இருந்த நான்கு வரிதான் முக்கியம். வேகத்தைப் பார்க்கும் பகுதியில், நேரம் குறித்து, சின்னச் சின்னக் குறிகளைக் கட்டங்களில் வரையச் சொல்வார்கள். (விவரமாகச் சொல்ல மாட்டேன். கேள்வி வெளியே போனால் டெஸ்ட் கெட்டுப்போகும். பயிற்சி கொடுத்துக் கூட்டிப்போகும் பெற்றோரும் இருக்கிறார்களாம்!) அதற்கு ரப்பர் இல்லாத பென்சில்தான் கொடுப்பார்கள். இவன் ரப்பர் கேட்டிருக்கிறான். இல்லை என்றதும், ஒவ்வொரு குறியையும் வரைந்து, நிறுத்தி, மேலே இருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிறகுதான் அடுத்ததற்குப் போயிருக்கிறான். நேரம் முடிந்தபோது ஒரு தப்புகூட இல்லை. ஆனால் பாதியைக்கூட எட்டவில்லை.

மூன்று வருடமாக வீட்டில் நாங்கள் "சோம்பேறி" என்று திட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். வகுப்பு நோட்டு எப்போதும் பாதியில் நிற்கும். பரீட்சையில் கடைசி இரண்டு கேள்வி காலியாக இருக்கும். கேட்டால் பதில் எல்லாம் வாயில் தயாராக இருக்கும். இதற்கு முன்னால் வேறோர் இடத்திலும் காட்டியிருந்தோம். அங்கே ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள்: ஓர் எண், "சராசரி நுண்ணறிவு, கவுன்சிலிங் பரிந்துரைக்கப்படுகிறது" என்று ஒரு வரி, முத்திரை. காசைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தோம். இப்போதாக இருந்தால், பகுதி பகுதியான மதிப்பெண்ணும், பிள்ளை எப்படிச் செய்தான் என்ற குறிப்பும் இல்லாத தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருப்பேன்.

இந்த டெஸ்ட்டுகளின் ஆரம்பத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்க 1904இல் பிரான்ஸ் அரசு ஒரு குழு அமைத்தது. அதிலிருந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனோடு சேர்ந்து 1905இல் முதல் அளவுகோலைக் கொண்டுவந்தார். பிள்ளையின் அறிவு பிறவியிலேயே இவ்வளவுதான் என்று முத்திரை குத்துவதை அவர் கடுமையாக எதிர்த்தவர். 1911இல் இறந்துவிட்டார். மன வயதை, அதாவது எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குச் செய்கிறது என்பதை, நிஜ வயதால் வகுத்து ஒரே எண்ணாக்கலாம் என்று ஜெர்மன் உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் சொன்னது 1912இல். ஆக, இந்த வேலையைத் தொடங்கிவைத்த மனிதர் ஐ.க்யூ என்ற எண்ணைப் பார்க்கவே இல்லை.

டெஸ்ட்டே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. "வளர்ந்தா சரியாயிடும்" என்று விட்டதால் வருடங்களை இழந்த பிள்ளையை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அக்கா மகளுக்கு இருபது வயது. கல்லூரியில் எதையும் தொடங்குவாள், எதையும் முடிக்க மாட்டாள். இணையத்தில் இரண்டு நிமிட க்விஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு "எனக்கு ஏ.டி.ஹெச்.டி" (கவனக் குறைபாடு) என்று வந்து நின்றாள். நாங்கள் சிரித்தோம். நல்ல வேளையாக அக்கா சிரிக்கவில்லை, முறையாகக் காட்டினார். அங்கே கேள்வித்தாளோடு நிறுத்தவில்லை. பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகளைக் கேட்டார்கள், அக்காவிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார்கள். காரணம் இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி என்று சொல்ல, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் சில தெரிந்திருக்க வேண்டும், வீடு, படிப்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலும் இருக்க வேண்டும். தூக்கக் குறைவும் மனச்சோர்வும் பதற்றமும்கூட இதே மாதிரிதான் தெரியும். மூன்றாம் வகுப்பு கார்டிலேயே டீச்சர் எழுதியிருந்தார்: "நல்ல பிள்ளை, ஆனால் வகுப்பில் கனவு காண்கிறாள்." ஓடி ஆடி வகுப்பைக் கலைத்திருந்தால் யாராவது அப்போதே கவனித்திருப்பார்கள். அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தோன்றவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

யாராவது இதற்காகக் கிளம்பினால் நான் சொல்வது, போகும் முன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான். "இவனுக்கு என்ன பிரச்சினை" என்று எழுதினால் போதாது. "படித்துக் காட்டினால் புரிகிறது, தானாகப் படித்தால் ஏன் புரியவில்லை" என்ற அளவுக்கு இருந்தால், எந்த டெஸ்ட் தேவை, எது வீண் என்று அவர்களுக்கே தெரியும். கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிடுங்கள். வீட்டில் பேசாத மொழியில் டெஸ்ட் வைத்தால் அறிவோடு சேர்த்து அந்த மொழியையும்தான் அளக்கிறார்கள், அதையும் கேளுங்கள். அப்புறம், பிள்ளையிடம் "பரீட்சை" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லித் தொலைத்தேன். முடிந்து வெளியே வந்ததும் அவன் கேட்டது, "அப்பா, நான் பாஸா?"

இப்போது பள்ளியில் பேசி, பரீட்சைக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாக வாங்கியிருக்கிறோம். போர்டில் இருப்பதை முழுக்க எழுதத் தேவையில்லை, டீச்சரே அச்செடுத்துக் கொடுத்துவிடுகிறார். போன வாரம் முதல் முறையாகக் கடைசிக் கேள்வி வரை எழுதிவிட்டு வந்தான். கையெழுத்து அதே அச்சு மாதிரிதான். பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்தேன், புது ரப்பர் பாதி தேய்ந்திருந்தது.