அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். இருபது வினாடிகூட இல்லை. பேக்ஸ்டேஜ் வரிசையில் நின்ற பையன் பாடகரிடம் ஏதோ கேட்கிறான், அவர் முகம் சுருங்குகிறது, கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் பையனின் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறார். மூன்று நாளாக அதை வைத்து மீம் போட்டுச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவன் என்ன கேட்டான் என்று எத்தனை பேர் ஹெட்போன் மாட்டிக் கேட்டீர்கள்?

முதல் ஆல்பத்துப் பாட்டை இப்போது மேடையில் ஏன் அரைக் கட்டை சுருதி இறக்கி வாசிக்கிறீர்கள் என்று கேட்டான். அவ்வளவுதான். செல்ஃபி கேட்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, தான் எழுதிய பாட்டை நீட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி.

"குரல் போய்விட்டது என்று முகத்துக்கு நேராகச் சொல்வதும் அதுவும் ஒன்றுதானே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஐயா, வயதாக ஆகப் பாடகருக்காகச் சுருதி இறக்குவது ராக் உலகில் ஊரறிந்த விஷயம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தவிர, வயதுக்காக மட்டுமா இறக்குகிறார்கள்? ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இருபது சொச்சம் வயதிலேயே பெரும்பாலும் கம்பிகளை அரைக் கட்டை தளர்த்திவைத்துத்தான் வாசித்தார். தளர்ந்த கம்பியை விரலால் வளைப்பது சுலபம், ஒலியும் கொஞ்சம் கனக்கும். பையன் அதைக்கூடக் கேட்டிருக்கலாம். அரங்கம் முழுக்க அவ்வளவு கூச்சல், அவ்வளவு பேஸ். அதற்கு நடுவே அந்த அரைக் கட்டையைப் பிடித்த காது அது. அந்தக் காதைத்தான் நீங்கள் கிண்டல் செய்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்பீர்கள். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

எனக்குப் பிடித்த பேண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். பதினேழு வயதிலிருந்து கேட்கிறேன். அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டு, இரண்டாவது சரணம் தொடங்குவதற்கு முன் எல்லா வாத்தியமும் ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தில் மெல்லிசாக ஒரு கிறீச். நாற்காலியா, கதவா, பெடலா, தெரியாது. லெட் செப்பலின் பேண்டின் மூன்றாவது ஆல்பத்தில், 1970இல் வந்தது, டிரம்மர் ஜான் பொன்ஹமின் பேஸ் டிரம் பெடல் கிறீச்சிடுவதை இன்றைக்கும் ரசிகர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. என் கிறீச்சைப் பற்றி யாரும் எங்கேயும் எழுதியதில்லை. அது என்னவென்று கேட்பதற்காகத்தான் டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து மீட் அண்ட் கிரீட், அதாவது பேண்டை நேரில் சந்திக்கும் டிக்கெட், வாங்கினேன்.

பேக்ஸ்டேஜ் என்றதும் சோபாவும் சிரிப்பும் கண்ணில் வந்தால், மறந்துவிடுங்கள். ட்யூப்லைட் எரியும் நீளமான நடை. சுவரோரமாகச் சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டிகள், ஆள் உயரத்துக்கு. தரையில் மேடைக்காரர்களின் துணி டேப்பில் ஒட்டிய அம்புக்குறிகள். வேலை செய்கிறவர்கள் கழுத்தில் லேமினேட் அட்டை தொங்கும், அவர்கள் எங்கே வேண்டுமானாலும் போவார்கள். நமக்குக் கொடுப்பது சட்டையில் ஒட்டும் துணி பாஸ். அதை வைத்து அந்த நடைக்கும் அதன் கடைசியில் இருக்கும் ஓர் அறைக்கும் போகலாம், அவ்வளவுதான். ஒரு பெண் வந்து விதிகளை வாசித்தார்: கையெழுத்து கிடையாது, பரிசு கொடுக்கக் கூடாது, தொடக் கூடாது, போன் பைக்குள், படம் எங்கள் ஆளே எடுப்பார். பேசக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சந்தில்தான் நான் நுழையப் பார்த்தேன்.

கேள்வியைப் பத்து வினாடிக்குள் அடங்குகிற மாதிரி வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன். என் முறை வந்தது. நான்கு பேரும் பெயர் அச்சடித்த திரைக்கு முன்னால் நின்றார்கள். டிரம்மரின் இரண்டு விரல்களில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது, அதன் ஓரம் அழுக்கேறிப் பிரிந்திருந்தது. அதைப் பார்த்ததில் முதல் வார்த்தை மறந்துபோனது. "அந்த இரண்டாவது ஆல்பத்தில்" என்று ஆரம்பித்தேன். ஃபிளாஷ். தோளில் ஒரு கை. அடுத்தவர்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு பேர் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் டிரம்மரின் விரலைப் பார்த்துக்கொண்டு வாயைப் பாதி திறந்துவைத்திருக்கிறேன்.

சரி, மறுதரப்பையும் பேசுவோம். இரவு தோறும் நூறு பேர், எல்லோரும் ஒரே கதையைச் சொன்னால் யாருக்குத்தான் சலிக்காது? நியாயம். சவுண்ட்செக் முடித்து, மேடை ஏறுவதற்கு முன்னால் இருக்கும் கொஞ்ச நேரத்தைத்தான் நமக்குத் தருகிறார்கள். அதுவும் நியாயம். ஆனால் அந்த நேரத்தை விற்றது யார்? நானா? "கலைஞர்களை நேரில் சந்தியுங்கள்" என்று விற்றுவிட்டுப் படம் மட்டும் எடுத்து அனுப்பினால் அதற்குப் பெயர் சந்திப்பா, போட்டோ ஸ்டுடியோவா?

"ரசிகர்கள் எல்லை மீறுவார்கள், அதனால்தான் இந்தக் கெடுபிடி" என்பார்கள். மீறுவார்கள்தான். 1977 ஜூலையில் மான்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த ஒரு ரசிகர் மேல் பிங்க் ஃபிளாய்ட் பேண்டின் ரோஜர் வாட்டர்ஸ் துப்பினார். பின்பு அதை நினைத்துத் தானே அருவருத்து, எங்களுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார். 1979இல் வந்த அவர்களுடைய ‘தி வால்’ (சுவர்) என்ற இரட்டை ஆல்பம் அதிலிருந்து முளைத்ததுதான். துப்பியவருக்கே சுவர் உறுத்தியது. இங்கே சுவரைக் கட்டி, அதில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு டிக்கெட் விற்கிறார்கள். வரிசையில் நின்று வாங்குவதும் நாம்தான், தெரியும். ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1982 சுற்றுப்பயணத்தில் வான் ஹேலன் என்ற ராக் பேண்ட் கச்சேரி ஏற்பாட்டாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தில், பழுப்பு நிற எம் அண்ட் எம் மிட்டாய்களைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. திமிர் என்று உலகமே சிரித்தது. ஒப்பந்தத்தில் மின்சாரம், எடை, பாதுகாப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியதை ஏற்பாட்டாளர் படித்தாரா என்று கண்டுபிடிக்கத்தான் அந்த வரி என்று அந்த பேண்டின் பாடகர் டேவிட் லீ ராத் பின்பு விளக்கினார். கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் கிடந்தால் எல்லாவற்றையும் மறுபடி சோதிப்பார்களாம். நல்ல யோசனை. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பையனின் கேள்வியும் அப்படி ஒரு மிட்டாய்தான். நான் முழுசாகக் கேட்டேன், ஒரு வரி விடாமல் கேட்டேன் என்று காட்டுகிற மிட்டாய். அதற்குத்தான் முழங்கையைப் பிடித்தார்கள்.

"காசு கொடுத்து உள்ளே போனவன் ரசிகனா, வாடிக்கையாளனா?" இதை எழுதியவர் என்னோடு மூன்று கச்சேரிக்கு வந்தவர். என் படத்தையும் பார்த்தவர். பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். பதிலும் சொல்லவில்லை.

அன்றைக்கு இரவு நடந்த மிச்சத்தை இதுவரை இங்கே எழுதியதில்லை. வரிசை கலைந்த பிறகு வெளியே போகிற கதவு என்று நினைத்து வேறொன்றைத் திறந்துவிட்டேன். மேடையின் பக்கவாட்டு. கிட்டார்களைப் பராமரிக்கிற டெக் ஒருவர் பெட்டிமேல் குனிந்து புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிய கம்பியை விரலால் இழுத்து இழுத்து, சுருதி பார்த்து, மறுபடி இழுத்து. என் பாஸைப் பார்த்ததும் இங்கே நிற்கக் கூடாது என்றார். போகிற போக்கில் கேட்டுவிட்டேன், இந்தப் பாட்டில் இந்த இடத்தில் கிறீச் என்று வருமே, அது என்ன?

அவர் அதைக் கேட்டதே இல்லையாம். அத்தனை வருடம் அந்தப் பாட்டுக்குக் கிட்டார் எடுத்துக் கொடுத்திருக்கிறார், கேட்டதில்லை. கம்பி வெட்டும் கட்டரைக் கீழே வைத்தார். போனில் பாட்டைத் தேடினார். ஒரு இயர்போனை என்னிடம் நீட்டினார். அந்த இடம் வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு இழுத்தார். இன்னொரு முறை. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்குள் வாக்கி டாக்கியில் யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

கிறீச் என்னவென்று இன்றுவரை தெரியாது.

அந்தப் பையனை யாருக்காவது தெரிந்திருந்தால் இன்பாக்ஸில் வரச் சொல்லுங்கள். அதே கச்சேரியில் கடைசிப் பாட்டையும் இறக்கித்தான் வாசித்தார்கள். அதை அவன் கவனித்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.