மாலை போடறப்ப எங்க பேரு எதுக்குங்க?

நேத்து எங்க தொழில் சங்கம் நடத்துன பாராட்டு விழா போட்டோவெல்லாம் பார்த்திருப்பீங்க. மேடை, பொன்னாடை, ஆளுயர மாலை, பின்னாடி பேனர்ல "குறு சிறு தொழில்முனைவோர் சார்பாக மனமார்ந்த நன்றி". ஜிஎஸ்டியைக் குறைச்சதுக்காம். நன்றி சொல்றவங்க தாராளமா சொல்லிக்கட்டும், என் சார்பா சொல்லாதீங்க. நான் இன்ஜினியரிங் ஜாப் ஒர்க் பண்றவன், அதாவது கஸ்டமர் குடுக்கற மெட்டீரியல்ல கூலிக்கு வேலை செஞ்சு குடுக்கறவன். 2025 செப்டம்பர் 22ல ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் போயி 18 ஆச்சு, எங்க ஜாப் ஒர்க்குக்கு 12 போயி 18 ஆச்சு. ஏத்திவிட்டதுக்கு எங்க பேரைச் சொல்லியே மாலை போட்டிருக்காங்க.

உடனே ஒருத்தர் வருவாரு, "கஸ்டமர்தான் இன்புட் எடுத்துக்கறாரே, உங்க கைக்காசா போகுது"ன்னு. இன்புட்னா, நம்ம பில்லுல இருக்கற ஜிஎஸ்டியை அவரு கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கறது. ஆமாங்க, கைக்காசுதான் போகுது. ஒரு லட்சத்துக்கு பில் போட்டா 18 ஆயிரத்தை அடுத்த மாசம் 20ம் தேதிக்குள்ள நான் கட்டியாகணும், கஸ்டமர் பணம் 90 நாள் கழிச்சு வரும், அதுவும் நாலு தடவை போன் போட்டாத்தான். கழிச்சுக்க எனக்கு பெருசா இன்புட்டும் கிடையாது, மெட்டீரியல் அவங்களோடது, என் செலவெல்லாம் கூலியும் கரண்ட் பில்லும், அதுல ஏதுங்க ஜிஎஸ்டி? கஸ்டமர் 180 நாள் வரைக்கும் எனக்குக் காசு குடுக்காமயே இன்புட்டை வச்சுக்கலாம், சட்டமே அப்படித்தான். முன்னாடி 12 ஆயிரம் வட்டிக்கு வாங்கிக் கட்டினவன் இப்ப 18 ஆயிரம் வாங்கிக் கட்டறேன். இது சலுகையாம்.

சரி, சங்கம் ஏன் இதைப் பேசல? போன பொதுக்குழுவுல எந்திரிச்சு கேட்டேனே. "அது மைனர் இஷ்யூங்க, மனுவுல கடைசில சேர்த்திருக்கோம், சாப்பாடு ரெடி"ன்னு மைக்கை வாங்கிட்டாரு. வாங்கினவரு யாருன்னா சங்கத்தோட வரி கமிட்டில இருக்கறவரு, எனக்கு 90 நாள் கழிச்சு பேமெண்ட் போடற கம்பெனியும் அவரோடதுதான். அவரு எனக்காக டெல்லில போயி பேசுவாராக்கும்! சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கலேன்னா அந்த வருஷச் செலவா காட்ட முடியாதுன்னு வருமான வரிச் சட்டத்துல 43பி எச்ங்கற பிரிவு வந்தப்பவும் இதே கமிட்டிதான், "தள்ளி வைங்க"ன்னு மனு குடுத்துச்சு. அதுக்கும் எங்க பேருதான். 45 நாள்ல காசு குடுக்கணும்னா ஆர்டர் வேற பக்கம் போயிருமேங்கற பயம் நம்மாளுங்க சில பேருக்கும் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா எங்களை யாரு கேட்டா?

2019 செப்டம்பர் 20 ஞாபகம் இருக்குதுங்களா? அன்னிக்கு ஒரே நாள்ல கோவாவுல ரெண்டு அறிவிப்பு. காலைல கம்பெனிகளோட வருமான வரி 30 சதவீதத்துல இருந்து 22. சாயந்திரம் ஜிஎஸ்டி கவுன்சில்ல எங்க ஜாப் ஒர்க் வரி 18ல இருந்து 12. ஆறு வருஷம் ஆச்சு, அந்த 22 அசையாம அப்படியே இருக்குது, எங்க 12 மட்டும் காணாமப் போச்சு. பெரிய கம்பெனி வரில கை வச்சிருந்தா இதே தலைவருங்க டிவில உக்காந்து முதலீடு போச்சு வேலை போச்சுன்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசியிருக்க மாட்டாங்களா? நான் கம்பெனி இல்ல, தனி ஆளா தொழில் நடத்தற புரொப்ரைட்டர், அந்த 22 எனக்குக் கிடையவே கிடையாது. அதுக்கும் அன்னிக்கு ஸ்வீட் குடுத்தாங்க, நானும் வாங்கித்தான் சாப்பிட்டேன்.

"சங்கத்தோட ஒற்றுமையைக் கெடுக்கறே"ன்னு சொல்லப் போறவங்களுக்கு, சந்தா கட்டறப்ப ஒற்றுமை, மெம்பர் எண்ணிக்கை காட்டறப்ப ஒற்றுமை, போட்டோவுல பின் வரிசைல நிக்கறதுக்கும் ஒற்றுமை. மனு எழுதறப்ப மட்டும் ரூம் கதவைச் சாத்திக்கறீங்க. கட்சி முத்திரை குத்த வர்றவங்க அப்படியே போயிருங்க, பதில் சொல்ல நேரமில்ல, நாளைக்கு டெலிவரி இருக்குது.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எங்க பேரைச் சொல்லிக் குடுத்த மனுவை எங்களுக்குக் காட்டுங்க. ஜாப் ஒர்க் எத்தனாவது பக்கம், எத்தனை வரி, பார்த்துக்கறோம். இதை சங்க வாட்ஸ்ஆப் குரூப்லதான் கேட்டிருக்கணும், நேத்து ராத்திரி "அட்மின் மட்டும்"னு மாத்திட்டாங்க, அதான் இங்க போடறேன்.