ப்ளூஸ் ஸ்கேல் எல்லா இடத்திலும் செல்லாது

"சி ப்ளூஸ் ஸ்கேலின் ஆறு நோட் தெரிந்தால் சி-யில் இருக்கும் எந்த ஜாஸ் பாட்டுக்கும் வாசித்துவிடலாம், கார்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பியானோவில் ஜாஸ் வாசிப்பது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். (ஸ்கேல் என்பது நோட்டுகளின் வரிசை, கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகள்.) 12 பார் ப்ளூஸுக்கு (12 தாளச் சுற்றுகள் கொண்ட பாட்டு வடிவம்) இது ஓரளவு சரி. அதில் வரும் சி7, எஃப்7, ஜி7 கார்டுகள் மூன்றின் மேலும் அந்த ஸ்கேல் கொஞ்சம் உரசும். அந்த உரசல்தான் அங்கே ருசியே.

ஆனால் மற்ற ஜாஸ் பாடல்களில் திரும்பத் திரும்ப வருவது டி மைனர்7, ஜி7, சி மேஜர்7 என்ற வரிசை. கடைசி கார்டில் ஈ, பி இருக்கின்றன. ஸ்கேலில் இருப்பதோ ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட். அதில் போய் நின்றால் இடிக்கும். (ஈ ஃப்ளாட்டைத் தொட்டுவிட்டு ஈ-க்கு நழுவினால் அழகு, அது வேறு விஷயம்.)

கார்டைத் தள்ளிப்போடவும் அவசியமில்லை. இடது கையில் ஒவ்வொரு கார்டிலும், அதன் பெயரில் உள்ள அடி நோட்டை ஒன்று என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது நோட்டை மட்டும் பிடித்துப் பாருங்கள்: எஃப்-சி, அடுத்து எஃப்-பி, அடுத்து ஈ-பி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே ஒரு நோட்தான் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு இறங்குகிறது. இதைப் புதிதாகக் கற்பவர்களும் பிடித்துவிடலாம். கார்டின் அடி நோட்டை பேஸ் (தாழ்ந்த ஒலி தரும் தந்தி வாத்தியம்) வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் இடது கையில் அதை அடிக்கடி விட்டுவிட்டுத்தான் வாசித்தார். வலது கைக்கு ஆரம்பத்தில் அந்தந்த கார்டின் நான்கு நோட்டுகளே போதும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நான்கு தட்டுகளில் 2, 4 ஆகியவற்றில் மட்டும் அடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு மெதுவாக வாசியுங்கள்.