விஎம் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) கிளம்பவில்லை என்றால் டேட்டா போய்விட்டது என்று அர்த்தமில்லை

"விர்ச்சுவல் பாக்ஸில் விஎம் கிளம்பாவிட்டால் டேட்டா போச்சு, அழித்துவிட்டுப் புதிதாகப் போடு" என்று, விஎம்களை ஓட்டும் அந்த மென்பொருளைப் பற்றி மேலே எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கணும் அண்ணே, இது தவறு. அழிப்பதுதான் ஆபத்து. நீக்கும்போது எல்லா ஃபைல்களையும் சேர்த்து அழிக்கச் சொல்லிவிட்டால் டிஸ்க் ஃபைலும் போய்விடும்.

விஎம்மின் செட்டிங்ஸ் வேறு, விடிஐ டிஸ்க் ஃபைல் வேறு; டேட்டா இருப்பது இந்த விடிஐயில்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் கணக்கு இப்படித்தான் மாட்டிக்கொண்டது. இடி இடித்து கரண்ட் போனதில், உள்ளே இருந்த விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிட்டது. விடிஐயை வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுத்து, நகலை செவன்-ஸிப் என்ற, சுருக்கிய ஃபைல்களைத் திறக்கும் மென்பொருளில் திறந்தேன். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் திருவிழா நன்கொடைப் பட்டியல், உபயக்காரர் பெயர்களோடு அப்படியே இருந்தது. அப்புறம்தான் பொருளாளருக்கு டீ இறங்கியது. செவன்-ஸிப் ஒத்துவராவிட்டால், நன்றாக ஓடும் வேறொரு விஎம்மில் அதை இரண்டாவது டிஸ்காக மாட்டிப் பாருங்கள்.

ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) எடுத்திருந்தால் மட்டும் கவனம். அதற்குப் பிறகு சேமித்ததெல்லாம் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரில் தனி ஃபைலாக இருக்கும்; மூல விடிஐயைத் திறந்தால் பழைய கணக்குதான் வரும். அப்படியானால் விஎம் ஃபோல்டர் முழுவதையும் முதலில் நகலெடுத்து வையுங்கள்.