கேஷ் மட்டும் போதாது
டிஎன்எஸ் (இணையப் பெயர்களைத் தேடித் தரும் அமைப்பு) பதில்கள் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருப்பதால் மெயில் சர்வரின் ஸ்பாம் வடிகட்டலால் அதற்குப் பெரிய சுமை வராது என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பாட்நெட் (தீய நிரலால் கைப்பற்றப்பட்ட கணினிகளின் கூட்டம்) அனுப்பும் ஸ்பாம் ஆயிரக்கணக்கான ஐபி முகவரிகளிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஸ்பாம் முகவரிகளின் கருப்புப் பட்டியலில் டிஎன்எஸ் வழியாகப் புதுக் கேள்வி, பழைய பதில் பெரும்பாலும் உதவாது. அப்புறம் எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் மெயில் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை): அதன் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 7208 அதற்கு 10 தேடல் என்று வரம்பு வைத்ததே டிஎன்எஸ் சுமையை அடக்கத்தான். மெயிலின் உண்மைத்தன்மையைப் பார்க்கும் டிகிம், டிமார்க் சோதனைகளின் தேடல்கள் வேறு. மேலே கருத்து எழுதிய ஒருவர் கூகுளின் பொது டிஎன்எஸ் ரிசால்வரான (நமக்காகத் தேடிப் பதில் தரும் சர்வர்) 8.8.8.8 போதும் என்கிறார், தயவுசெய்து வேண்டாம். அத்தகைய பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் இலவசக் கருப்புப் பட்டியல் 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத்தான் தரும். வடிகட்டி அதையும் ஸ்பாம் என்று எடுத்துக்கொண்டால் நல்ல மெயிலும் திரும்பிப் போய்விடும். நான் கவனிக்கும் மெயில் சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வர் மென்பொருளை நிறுவி, முதல் பட்டியலில் சிக்கியதை மேற்கொண்டு சோதிக்காமல் நிராகரிக்க வைத்த பிறகுதான் வெளியே போகும் கேள்விகள் நன்றாகக் குறைந்தன.