ஆக்னஸ் வர்தாவைப் பாட்டியாக்கியது போதும்

பிரெஞ்சு சினிமா இயக்குநர் ஆக்னஸ் வர்தா என்றாலே இணையத்தில் ஒரே மாதிரிப் படம்தான் சுற்றுகிறது. உச்சியில் வெள்ளை, சுற்றிச் சிவப்பு என்று இருநிற முடி, குட்டை உருவம், குறும்புச் சிரிப்பு. கீழே ‘பிரெஞ்சுப் புதிய அலையின் பாட்டி’ என்று ஒரு வரி. (புதிய அலை என்பது 1950களின் இறுதியில் பிரெஞ்சு சினிமாவைப் புரட்டிப்போட்ட இளம் இயக்குநர்களின் இயக்கம்.) முப்பது வயதிலேயே தனக்கு அந்தப் பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று அவரே கிண்டலடித்திருக்கிறார். செல்லமாகச் சொல்வதுதான், சரி. ஆனால் அந்தச் செல்லத்தில் ஒரு கெட்டிக்கார முதலாளியம்மா காணாமல் போய்விடுகிறார் என்பது என் வருத்தம்.

1954இல் வர்தாவுக்கு 26 வயது. ழான் விலாரின் நாடகக் குழுவில் புகைப்படக்காரர். எந்த இயக்குநரிடமும் உதவியாளராக இருந்ததில்லை, பார்த்த படங்களும் சொற்பம். சொந்தமாக ஒரு படக் கம்பெனி தொடங்கி, போர்க் காலத்தில் தான் வளர்ந்த செத் என்ற துறைமுக ஊருக்குப் போய், அங்கே மீனவர் குடியிருப்பில் ‘லா பொயந்த் கூர்த்’ படத்தை எடுத்தார். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் கைக்காசு வாங்காமல் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். மீனவர்கள் மீனவர்களாகவே வந்தார்கள். படத்தொகுப்பு, பின்னாளில் பெரிய இயக்குநரான அலென் ரெனே. புதிய அலையின் தொடக்கம் என்று கொண்டாடப்படும் படங்களில் த்ரூஃபோவின் ‘400 அடிகள்’ வந்தது 1959இல், கோதாரின் ‘ப்ரெத்லெஸ்’ 1960இல் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

‘ப்ரெத்லெஸ்’ ஓடியதும் அதன் தயாரிப்பாளர் போர்கார், உன்னைப் போல வேறு யார் இருக்கிறார்கள் என்று கோதாரைக் கேட்க, அவர் இன்னொரு இளம் இயக்குநரான ழாக் தெமியைக் காட்டினார். தெமி வர்தாவைக் காட்டினார். முதலில் வந்தவர் வரிசையில் மூன்றாவதாக நின்றுதான் ‘கிளியோ 5 முதல் 7 வரை’ (1962) கிடைத்தது! தெமியும் வர்தாவும் அந்த ஆண்டுதான் கல்யாணம் செய்துகொண்டார்கள், அது வேறு கதை.

பாரிஸில் தாகேர் தெருவில் அவர் வீடு. 1950களின் தொடக்கத்தில் குடிபோனவர், 2019 மார்ச்சில் இறக்கும்வரை அங்கேதான். கம்பெனியும் அதே தெருவில். எடிட்டிங், விநியோகம், பழைய படங்களைப் புதுப்பிப்பது, டிவிடி விற்பது எல்லாம் அங்கேயே. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது வெளியூர் போக முடியவில்லை. வீட்டு மின்சாரத்திலிருந்து கேபிள் இழுத்து, அது எட்டும் தூரத்தில் இருந்த கடைக்காரர்களை வைத்தே ‘தாகேரோடைப்ஸ்’ எடுத்துவிட்டார். ரொட்டிக்கடை, கசாப்புக்கடை, வாசனைத் திரவியம் விற்கும் வயதான தம்பதி. படங்களின் உரிமையைக் கையில் வைத்திருந்ததால்தான் அவை இன்றும் நல்ல பிரதிகளாகக் கிடைக்கின்றன. உரிமையை விற்றுவிட்டு நெகட்டிவ் எங்கே என்று தேடிய இயக்குநர்கள் எந்த ஊரிலும் உண்டு.

பாட்டி என்கிறவர்கள் ‘வேகபாண்ட்’ (1985) பார்த்திருப்பார்களா என்று சந்தேகம். குளிரில் விறைத்து ஒரு பள்ளத்தில் கிடக்கும் இளம்பெண்ணின் பிணத்தில் தொடங்குகிறது படம். அவள் யார் என்று வழியில் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவள் நடக்க நடக்கக் கேமராவும் கூடவே நகரும் நீண்ட டிராக்கிங் ஷாட்களில் அது வலமிருந்து இடமாகப் போகிறது, நாம் படிக்கும் திசைக்கு எதிராக. அவளை முந்திப்போய் ஒரு துருப்பிடித்த கலப்பையிலோ சுவரிலோ நிற்கிறது. அவள்மேல் இரக்கப்பட வர்தா நமக்கு வாய்ப்பே தருவதில்லை. வெனிஸ் திரைப்பட விழாவின் உச்சப் பரிசான தங்கச் சிங்கம் வாங்கிய படம்.

2000இல், 72 வயதில், சின்ன டிஜிட்டல் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களுக்குக் கிளம்பினார். சிந்தியதைப் பொறுக்குகிறவர்களைப் பற்றிய ‘தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ’ படம். அளவு சரியில்லை என்று கம்பெனிக்காரர்கள் கொட்டிவிட்டுப்போன உருளைக்கிழங்குக் குவியலில் இதய வடிவக் கிழங்குகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஒரு கையால் இன்னொரு கையின் சுருக்கத்தைப் படமெடுக்கிறார். கேமராவை அணைக்க மறந்து லென்ஸ் மூடி ஆடிக்கொண்டிருப்பதை அப்படியே ஜாஸ் இசையோடு வைத்துவிட்டார். வேறு யாராவது செய்திருந்தால் அலட்டல் என்றிருப்பேன்.

2017இல் கௌரவ ஆஸ்கார் கொடுத்தார்கள். அதே ஆண்டு வந்த ‘ஃபேசஸ் ப்ளேசஸ்’ படத்துக்கு இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. கைதட்டியவர்களின் பர்ஸ் எங்கே போயிற்று?

எல்லாப் படமும் பொக்கிஷம் என்று சொல்லமாட்டேன். நட்சத்திரங்களைக் குவித்து எடுத்த ‘நூற்றியோர் இரவுகள்’ (1995) எனக்குச் சலிப்பு, ஓடவும் இல்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் ‘கிளியோ’வில் தொடங்குங்கள், அப்புறம் நேராக ‘வேகபாண்ட்’. இருநிற முடிக்காரர் வரும் படங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.